மூணு செக் வைத்தால் டிரா ஆகிவிடாது: டோர்னமெண்ட்டில் டிரா கேட்கும் முறை

சேலத்துப் பக்கம் செஸ் டோர்னமெண்ட்டில் கடைசி போர்டுகள் பக்கம் நின்றால் "மூணு செக் (ராஜாவைத் தாக்கும் மூவ்) வச்சுட்டேன் சார், டிரா" என்று ஒரு குரல் கேட்கும். அப்படி விதியே கிடையாது. டிரா கேட்க, பலகையில் ஒரே நிலை மூன்று முறை வரவேண்டும், மூன்று முறையும் ஆட வேண்டியவர் அதே ஆளாக இருக்கவேண்டும், கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) உரிமைகூட மாறியிருக்கக் கூடாது. அடுத்தடுத்து வரவேண்டும் என்பதில்லை.

ஸ்கோர்ஷீட் (மூவ்களைக் குறிக்கும் தாள்) எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பால்பாயிண்ட் பேனா எடுத்துப் போங்கள். ஜெல் பேனாவில் கார்பன் நகல் சரியாக விழாது. நிலை திரும்ப வருகிற மாதிரி தெரிந்தால் அந்த மூவுக்குப் பக்கத்தில் கிளாக் நேரத்தைக் குறியுங்கள். நேரம் எழுத அனுமதி உண்டு, பிறகு தேட வசதி. வேறு குறிப்பெல்லாம் எழுதக் கூடாது.

இப்போது ஒரு ஆட்டம். வெள்ளை அம்மாப்பேட்டைப் பையன், ஒரு யானை கூடுதல். கருப்பு ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவர், கையில் ராணி. வெள்ளை ராஜா ஜி1 கட்டத்தில். ராணி இ1-க்கு வந்து செக், ராஜா எச்2, ராணி இ5 செக், ராஜா ஜி1, மறுபடி ராணி இ1. இது இரண்டாவது முறை. ராஜா எச்2, ராணி இ5, ராஜா ஜி1. அடுத்து ராணி இ1-க்குப் போனால் மூன்றாவது.

இங்கேதான் பலரும் ராணியை எடுத்து வைத்துவிட்டு, கிளாக்கையும் அமுக்கிவிட்டு, அப்புறம் கையைத் தூக்குகிறார்கள். அந்த மூவில் டிரா கேட்கும் உரிமை அதோடு போச்சு. காயைத் தொடவே கூடாது. முதலில் ராணி இ1 என்று தாளில் எழுதுங்கள், எழுதினால் மாற்ற முடியாது. கிளாக்கை நிறுத்துங்கள். ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டு "இந்த மூவ் ஆடினால் மூன்றாவது முறை" என்று சொல்லுங்கள். ஆடுவதற்கு முன்னால் மூவை எழுதக் கூடாது என்ற விதிக்கு இது விலக்கு. எதிராளி ஆடிய மூவிலேயே மூன்றாவது முறை வந்துவிட்டால் எழுத வேண்டாம், அப்படியே கேட்கலாம். அப்போதும் காயைத் தொட்டால் உரிமை போய்விடும்.

1971-இல் பியூனோஸ் ஐரிஸில் செஸ் வீரர்கள் ஃபிஷரும் பெட்ரோசியனும் ஆடிய மூன்றாவது ஆட்டமும் இப்படித்தான் டிரா ஆனது.

சேர்த்தது: "தப்பாகக் கேட்டால் தோல்வியா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், நீங்கள் எழுதிய மூவையே ஆடவேண்டும், அவ்வளவுதான். ஐந்து முறை வந்துவிட்டால் யாரும் கேட்காமலே ஆர்பிட்டர் டிரா என்று முடித்துவிடுவார்.