எக்ஸ்ஆர்டி வாங்குமுன்: பினாங்குச் சிறு பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் சிறிய பல்கலைக்கழகத்துக்குப் பெரிய மானியம் அடிக்கடி வராது. கிடைத்ததில் வாங்கும் எக்ஸ்ஆர்டி, அதாவது தூளின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி அதில் என்ன படிகங்கள் இருக்கின்றன என்று காட்டும் கருவி, பதினைந்து வருடம் உழைக்க வேண்டும். ஆகவே விலை கேட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கடந்த ஓராண்டில் வெளி ஆய்வகத்துக்கு எத்தனை மாதிரிகள் அனுப்பினீர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கட்டினீர்கள், முடிவு வர எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள். மாதத்துக்குப் பத்து மாதிரிகூடத் தேறாவிட்டால் வெளியில் கொடுப்பதே மேல். தேறினால், மானிய விண்ணப்பத்தில் அந்தக் கணக்கைவிட வலுவான வாதம் வேறில்லை.

அடுத்து, உங்கள் மாதிரியையே விற்பனையாளரிடம் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் சிலிக்கன் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் தெரியும். செம்பை இலக்காகக் கொண்ட எக்ஸ்-கதிர்க் குழாயின் கதிருக்கு 8.05 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல். இரும்பும் கோபால்ட்டும் அதை விழுங்கி ஒளிர்வதால் பின்னணி இரைச்சல் ஏறி, படிகத்தை அடையாளம் காட்டும் வரைகோட்டுச் சிறிய உச்சங்கள் புதைந்துபோகும். செம்மண், ஃபெரைட், லித்தியம் கோபால்ட் ஆக்சைடு போன்றவற்றில் வேலை செய்பவர்கள் ஆற்றலைப் பிரித்தறியும் டிடெக்டரைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு தனியாகச் சேர்த்தால் செலவு கூடும்.

உரிமத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம், அதாவது சட்டம் 304, எக்ஸ்-கதிர் கருவிக்கும் பொருந்தும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி யார், அறையின் வரைபடம், கதிர் கண்காணிப்பு ஏற்பாடு எல்லாம் ஆர்டருக்கு முன்பே தயாராக இருக்கட்டும். கருவி வந்திறங்கிய பிறகு ஆளைப் பயிற்சிக்கு அனுப்பினால், அது மாதக்கணக்கில் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். உத்தரவாதக் காலமோ ஓடிக்கொண்டிருக்கும். உத்தரவாதம் நிறுவி முடித்த நாளிலிருந்து தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பினாங்கில் பெரிய எதிரி ஈரம். செலவைக் குறைக்க மாலை ஆறு மணிக்கு ஏசியை அணைப்பார்கள். இரவில் அறை 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்றாகும். அப்போது பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 பாகை. எக்ஸ்-கதிர்க் குழாயைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரோ 20 பாகையில் ஓடுகிறது. குழாய்க் கூட்டில் முத்து முத்தாக நீர் கோக்கும். அது உயர் மின்னழுத்த இணைப்புக்குள் இறங்கினால் எக்ஸ்-கதிர்க் குழாய் போய்விடும். ஏசியும் ஈரம் உறிஞ்சியும் இரவு பகலாக ஓடட்டும். அந்த மின்கட்டணத்துக்கு நிதிப் பிரிவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அது முடியாதென்றால், வெளிச் சில்லர் வேண்டாத 600 வாட் மேசைக் கருவியே உங்களுக்குப் போதும். தரையில் நிற்கும் வகை அரை டன்னைத் தாண்டும் என்பதால் மின்தூக்கியையும் கதவு அகலத்தையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இடி மின்னலுக்கு யூபிஎஸ் கட்டாயம்.

விலைப்புள்ளி டாலரில் வரும், மானியம் ரிங்கிட்டில் இருக்கும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.79 ரிங்கிட் வரை போனது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 ஆனது. 2 லட்சம் டாலர் கருவிக்கு இந்த வித்தியாசம் மட்டும் 1 லட்சத்து 34 ஆயிரம் ரிங்கிட். ரிங்கிட்டிலேயே விலையை உறுதிசெய்யக் கேளுங்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்புக்கு விலையில் 8 முதல் 10 விழுக்காடு ஒதுக்குங்கள்.

கடைசித் தவணையாக 20 விழுக்காட்டைக் கையில் வைத்திருங்கள். உங்கள் அறையில், உங்கள் கண்முன், உச்சங்களின் இடம் துல்லியமாகத் தெரிந்த லாந்தனம் ஹெக்ஸாபோரைடு தரப்பொருளை ஓட்டட்டும். செம்புக் கதிரில் முதல் மூன்று உச்சங்கள் 21.36, 30.38, 37.44 பாகைக் கோணத்தில் வர வேண்டும், 0.02 பாகைக்கு மேல் விலகினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் விலகலுக்குக் கருவியைக் குறை சொல்லுமுன் மாதிரித் தட்டைப் பாருங்கள். கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் ஆரம் 150 மில்லிமீட்டர் என்றால், தூள் 0.1 மில்லிமீட்டர் மேடாக இருந்தாலே உச்சம் சுமார் 0.07 பாகை மேலே நகரும். தூளைக் குழியில் நிரப்பி, கண்ணாடிச் சில்லை மேலே வைத்து நேராக அழுத்தி, விளிம்போடு சமமாக்குங்கள். சில்லை இழுத்துத் தேய்த்தால் தட்டையான படிகங்கள் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். உச்சங்களின் உயரம் பொய் சொல்லும். மாணவர்களுக்கு முதல் வாரத்தில் இதை மட்டும் பழக்குங்கள்.