பி.ஓ. ஆர்டர் வந்துவிட்டதா? வாக்குச்சாவடியை நடத்துவது எப்படி

பயிற்சி வகுப்பில் நூறு விஷயம் சொல்வார்கள், எல்லாமே தேவையானதுதான். ஆனால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக (பி.ஓ.) முதல் தடவை போகிறவர் மனதில் ஒன்று மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். ஓட்டுப் போட வருகிறவர்களை எழுதும் 17ஏ பதிவேட்டில் கடைசியாக எழுதிய வரிசை எண்ணும், வாக்குப்பதிவு மெஷினின் கட்டுப்பாட்டுப் பகுதியான கண்ட்ரோல் யூனிட்டில் டோட்டல் பட்டனை அமுக்கினால் வரும் எண்ணும் நாள் முழுக்க ஒத்துப்போக வேண்டும். மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போடக் காத்திருக்கும் ஒருவர் இருவர்தான் வித்தியாசமாக இருக்கலாம். மற்ற வேலையெல்லாம் இந்த இரண்டு எண்ணும் பிரியாமல் பார்த்துக்கொள்வதற்கும், அது வேட்பாளர்களின் முகவர்கள் கண்முன்னால் நடப்பதற்கும்தான்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டுக்கும் பி.ஓ.வாகப் போயிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சாவடியில் நடப்பதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் மதியமே சாவடிக்குப் போய்விடுங்கள். மண்டல அலுவலர் வண்டியில் மெஷின் வந்து சேர இரவானாலும் ஆகும். அதற்குள் அறையைத் தயார் செய்துவிடலாம். இரண்டு கதவு உள்ள வகுப்பறை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு கதவுதான் என்றால் நடுவில் கயிறு கட்டி, வருகிற வழி போகிற வழி என்று பிரித்துவிடுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கும் மூன்று வாக்குப்பதிவு அலுவலர்களின் (பி1, பி2, பி3) மேஜைகள் அந்த வரிசையிலேயே இருக்கட்டும். முகவர்களுக்கு அலுவலர்களின் பின்பக்கமாக இடம் கொடுங்கள். வருகிறவர் முகம் அவர்களுக்குத் தெரிந்தால்தான் ஆள் மாறாட்டத்தைச் சொல்ல முடியும்.

ஓட்டுப் போடும் மறைவிடத்தை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். வெளியே நிற்பவன் எட்டிப் பார்த்தால் ரகசியம் போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று விவிபேட், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் கருவி. அதன்மேல் நேரடியாக வெயிலோ ட்யூப்லைட் வெளிச்சமோ விழக்கூடாது. அதற்காக இருட்டு மூலையில் வைத்தால் வயதானவர்களுக்குச் சின்னம் தெரியாது. பகலில் வெயில் எந்தப் பக்கம் இறங்கும் என்று யோசித்து இடம் பாருங்கள். கேபிள் யார் காலிலும் சிக்காதபடி மேஜைக்காலோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள், ஆனால் முகவர்கள் பார்வையில் இருக்கட்டும். சுவரில் தலைவர்கள் படமோ கட்சிச் சின்னத்தை நினைவூட்டும் எதுவுமோ இருந்தால் கழற்றிவிடுங்கள் அல்லது தாள் ஒட்டி மூடிவிடுங்கள். 100 மீட்டருக்குள் பிரச்சாரம் கிடையாது. எல்லைக்கோட்டைப் போலீஸ்காரரோடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பொருள்கள் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றை அவசியம் பாருங்கள். மெஷின்களின் எண்கள் உங்களுக்குக் கொடுத்த தாளில் உள்ளவைதானா? குறியீடு செய்த வாக்காளர் பட்டியல் உங்கள் பாகத்துக்கானதுதானா, துணைப்பட்டியல் சேர்ந்திருக்கிறதா? மை புட்டி ஒழுகாமல் இருக்கிறதா? கவர், டேக், அரக்கு, பச்சைத்தாள் முத்திரை எல்லாவற்றையும் எண்ணி, எந்தக் கவரில் எது போகும் என்று அன்றிரவே மேலே பென்சிலால் எழுதிவிடுங்கள். மறுநாள் மாலை மூளை வேலை செய்யாத நேரத்தில் அந்தப் பென்சில் எழுத்துதான் காப்பாற்றும். மெஷினை மட்டும் இரவில் இணைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். முகவர்கள் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

வாக்குப்பதிவு காலை 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு 5.30க்கு. அந்த நேரத்துக்குக் குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்களாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பதினைந்து நிமிடம் பொறுத்துவிட்டுத் தொடங்கிவிடலாம். வாக்காளர் பட்டன் அமுக்கும் பேலட் யூனிட்டின் கேபிளை விவிபேட்டில் செருகுங்கள், விவிபேட் கேபிளைக் கண்ட்ரோல் யூனிட்டில் செருகுங்கள். விவிபேட்டின் பின்பக்கத்துத் திருகு படுக்கையாக இருந்தால் அது பயண நிலை. நிமிர்த்திவிட்ட பிறகே பவரைப் போடுங்கள். பதற்றத்தில் பலர் தவறவிடும் இடம் இது.

குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். நோட்டா உட்பட எல்லாப் பெயருக்கும் விழ வேண்டும். ஒரு அலுவலர் மறைவிடத்தில் முகவர்களோடு நின்று, யாருக்கு எத்தனை என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். முடிந்ததும் குளோஸ், பிறகு ரிசல்ட். திரையில் வரும் எண்ணிக்கை, விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டு எண்ணிக்கை, தாளில் போட்ட கோடு மூன்றும் ஒத்துப்போவதை முகவர்களே பார்த்துச் சொல்லட்டும். பிறகு கிளியர்.

இந்தக் கிளியரை நான் வாய்விட்டுச் சொல்லித்தான் அமுக்குவேன். "கிளியர் பண்றேன், எல்லாரும் பாருங்க." அடுத்து டோட்டல் பட்டன். பூஜ்ஜியம் வந்ததும் "பூஜ்ஜியம், பாத்துட்டீங்களா?" என்று ஒவ்வொரு முகவரிடமும் கேட்பேன். மாதிரி ஓட்டை அழிக்காமல் நிஜ வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டால், மாலையில் கணக்கு அந்த 50 ஓட்டு அளவுக்கு இடிக்கும். எண்ணிக்கை நாளில் அந்த மெஷினை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். வெயிலில் நின்று ஓட்டுப் போட்ட ஒரு ஊருக்கே நாம் செய்யும் அநியாயம் அது. குளோஸ், ரிசல்ட், கிளியர் மூன்றையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து விவிபேட் பெட்டியிலிருந்து சீட்டுகள் அத்தனையையும் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் மாதிரி வாக்குப்பதிவு முத்திரை குத்தி, கறுப்புக் கவரில் போட்டு, அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்ட வேண்டும். காலிப் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். ஒரு சீட்டு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பின்னால் வம்பு. விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பவரை அணைத்துவிட்டுத்தான் சீல் வைக்க வேண்டும். பச்சைத்தாள் முத்திரையின் வெள்ளைப் பக்கத்தில் நீங்களும் முகவர்களும் கையெழுத்துப் போட்டு, அதன் எண்ணை எல்லோரும் குறித்துக்கொள்ளட்டும். எண்ணிக்கை நாளில் அவர்கள் சரிபார்க்கப்போவது அந்த எண்ணைத்தான். ரிசல்ட் பகுதியின் உள்கதவுச் சட்டத்தில் தாளைச் செருகும்போது நகம் படாமல் மெதுவாகத் தள்ளுங்கள். கிழிந்தால் ஒட்டவைத்துப் பயன்படுத்தக்கூடாது. வேறொன்றை எடுத்து, கிழிந்ததைக் கணக்கில் காட்ட வேண்டும். உள்கதவை மூடி ஸ்பெஷல் டேக் கட்டி அரக்கு வையுங்கள். அரக்கு சொட்டும்போது மெஷின்மேல் விழாமல் கீழே ஒரு அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். மின்விசிறியை அந்த ஐந்து நிமிடம் நிறுத்திவிடுங்கள், மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து நேரம் போகும். விவிபேட் பெட்டிக்கும் அட்ரஸ் டேக் கட்டி சீல். பிறகு உறுதிமொழியைச் சத்தமாகப் படித்து, 17ஏ பதிவேடு வெறுமையாக இருப்பதைக் காட்டிவிட்டால் 7 மணிக்கு முதல் வாக்காளரை உள்ளே விடலாம்.

பி1 அடையாள ஆவணத்தைப் பார்த்து, பெயரையும் வரிசை எண்ணையும் முகவர்கள் காதில் விழும்படி படிக்க வேண்டும். முணுமுணுக்கிற பி1 இருந்தால் சண்டை நிச்சயம். பட்டியலில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு. பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி வட்டமும். இந்த வட்டத்தை விட்டுவிட்டால் மாலையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பட்டியலை மறுபடி புரட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து கொடுத்த வாக்காளர் தகவல் சீட்டை மட்டும் வைத்து ஓட்டுப் போட முடியாது. கூடவே வாக்காளர் அட்டையோ ஆணையம் ஏற்றுக்கொண்ட வேறு ஆவணமோ வேண்டும். கோபப்படுபவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், திரும்பிப்போய் எடுத்துவந்து போடட்டும்.

பி2 இடது ஆள்காட்டி விரலில், நகத்தின் நுனியிலிருந்து முதல் கணுவரை கோடாக மை வைப்பார். மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனத்தில் 1962 முதல் தயாராகும் மை இது, காய ஒரு நிமிடமாவது விட வேண்டும். விரலில் எண்ணெய் இருந்தால் முதலில் துணியால் துடையுங்கள். 17ஏயில் பட்டியல் வரிசை எண், ஆவண விவரம், கையெழுத்து அல்லது ரேகை. பிறகு வாக்காளர் சீட்டு. வேகமாகவும் திருத்தமாகவும் எழுதுகிற ஆளைத்தான் பி2வாக உட்கார வையுங்கள் என்பது என் கருத்து. கூட்டம் தேங்குவது எப்போதும் இந்த மேஜையில்தான்.

பி3 சீட்டை வாங்கிக்கொண்டு, மையைப் பார்த்து, பேலட் பட்டனை அமுக்குவார். கண்ட்ரோல் யூனிட்டில் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே நீல பட்டனை அமுக்கியதும், யாருக்கு விழுந்தது என்ற சீட்டு விவிபேட் கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும். நீளமான பீப் கேட்டு விளக்கு அணையும். பீப் வராமல் யாரையும் வெளியே விடாதீர்கள், அடுத்தவருக்குப் பட்டனை அமுக்காதீர்கள். உள்ளே ஒரு பாட்டி திகைத்து நின்றால் தனியாக ஓடிப்போய்ச் சொல்லிக்கொடுக்கும் நல்ல மனசு எல்லோருக்கும் வரும். அதைச் செய்யவே கூடாது. அவரை வெளியே கூப்பிட்டு, அட்டையில் அச்சிட்ட மாதிரி பேலட் யூனிட்டைக் காட்டி, "பாட்டி, நீங்க நினைச்ச சின்னத்துக்கு நேரா இந்த மாதிரி பட்டனை அமுக்குங்க" என்று முகவர்கள் முன்னால் சொல்லி அனுப்புங்கள்.

பார்வையற்றவரோ முடியாதவரோ 18 வயது நிரம்பிய துணையாளரை அழைத்துவரலாம். துணையாளரிடம் உறுதிமொழி வாங்கி, அவருடைய வலது ஆள்காட்டி விரலில் மை வையுங்கள். ஒருவருக்குத் துணையாக வந்தவர் அதே நாளில் இன்னொருவருக்குத் துணையாக வரக்கூடாது. ஊரில் உதவும் குணமுள்ள ஒரு தம்பி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான், அங்கேதான் கவனம் வேண்டும். பேலட் யூனிட்டில் பிரெய்ல் எண்கள் இருப்பதைச் சொல்லுங்கள். பார்வையற்றவர்களில் பலர் தாங்களாகவே போட விரும்புவார்கள், போடட்டும்.

சிக்கல் வரும் இடங்கள் சில உண்டு. "என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்க" என்று ஒருவர் வந்தால், விசாரித்து அவர்தான் அசல் ஆள் என்று தெரிந்தபின், 49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டு கொடுக்க வேண்டும். அது மெஷினில் அல்ல, தாளில். 17பி (17B) படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், குறியிட்ட தாளைத் தனிக் கவரில் வையுங்கள். அந்த ஆளைத் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. வந்திருப்பவர் வேறு ஆள் என்று முகவர் ஆட்சேபித்தால் இரண்டு ரூபாய் கட்டச் சொல்லி ரசீது கொடுத்து விசாரியுங்கள். இரண்டு ரூபாய்தானே என்று அலட்சியம் வேண்டாம், ஆட்சேபணை பதிவாவதுதான் முக்கியம். பெயர் எழுதி மை வைத்தபின் ஒருவர் ஓட்டுப் போட மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். 17ஏ குறிப்புப் பகுதியில் எழுதி அவர் கையெழுத்தையோ ரேகையையோ வாங்குங்கள். மாலையில் அந்த இரண்டு எண்ணும் ஒன்றால் வித்தியாசப்படும், இதை எழுதாமல் விட்டால் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நான் போட்டது ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்று யாராவது சொன்னால், பொய்யானால் தண்டனை உண்டு என்று விளக்கி, எழுத்தில் வாங்கி, முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டு போடவைக்க வேண்டும். அது உண்மை என்று தெரிந்தால் பதிவை நிறுத்தி உடனே தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள்.

விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதானால் மூன்றையும் மாற்றி, நோட்டா உட்பட ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு போட்டு மறுபடி மாதிரிப் பதிவு. கிளியரும் மறுபடி.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சதவீதம் கேட்டு போன் வரும். அதை வெறும் தொந்தரவாக நினைக்காமல், அப்போதெல்லாம் டோட்டலையும் 17ஏயையும் ஒப்பிட்டு பி.ஓ. டைரியில் எழுதிவிடுங்கள். ஒன்று விலகினாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் தேட வேண்டியிருக்கும். சாப்பாட்டுக்காகப் பதிவை நிறுத்தக்கூடாது, மாறி மாறிச் சாப்பிடுங்கள்.

முடியும் நேரத்துக்கு, 6 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. நீங்கள் கையெழுத்திட்ட எண் சீட்டுகளை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து கொடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் நிற்பவர் கையில் 1. முன்னாலிருந்து கொடுத்தால், கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். போலீஸ்காரரை அந்த 1க்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். ஓடிவருகிறவரைத் திருப்பி அனுப்ப மனசு கேட்காதுதான். ஒருவருக்காகத் தளர்த்தினால் எல்லா முகவரும் எழுந்து நிற்பார்கள்.

கடைசி ஆள் போட்டதும் டோட்டலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு குளோஸ் அமுக்குங்கள். இனி எந்த ஓட்டும் ஏறாது. பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தைப் பொறுமையாக நிரப்பி, ஒவ்வொரு முகவருக்கும் பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கேட்டால்தான் கொடுப்பேன் என்று இருக்காதீர்கள், கூப்பிட்டுக் கொடுங்கள். நம் சாவடியில் விழுந்த ஓட்டு இத்தனை என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். பவரை அணைத்து, கேபிளைக் கழற்றி, விவிபேட் திருகைப் பயண நிலைக்குத் திருப்பி, பெட்டிகளில் வைத்து டேக் கட்டி சீல் வையுங்கள். முகவர்கள் விரும்பினால் தங்கள் முத்திரையையும் வைக்கலாம்.

மண்டல அலுவலர் வண்டி நள்ளிரவில்கூட வரும். 17சி, பி.ஓ. டைரி, 17ஏ, குறியீடு செய்த பட்டியல் இவற்றை மற்ற கவர்களோடு கலக்காமல் கையிலேயே வைத்திருங்கள், முதலில் கேட்பது இவற்றைத்தான். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்து, ரசீதை வாங்கிப் படித்துப் பார்த்த பிறகு கிளம்புங்கள். இரவில் தனியாகப் போக வேண்டிய பெண் அலுவலர் குழுவில் இருந்தால், அவர் எப்படி வீடு போகிறார் என்பதை மாலை ஐந்து மணிக்கே கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.