ஸ்டீலா, டைட்டானியமா? எலும்பில் பிளேட் வைக்கும் முன் கேட்க வேண்டியவை

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வீட்டு ஆள் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்டீல் வைக்கவா, டைட்டானியம் வைக்கவா?" என்று கேட்பார்கள். விலை வித்தியாசத்தையும் சொல்வார்கள். அந்த நேரத்தில் யாருக்கு யோசிக்கத் தோன்றும், "நல்லதாவே வைங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் பணம் புரட்டக் கிளம்பிவிடுவோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாதாரண முறிவுகளில் பெரும்பாலும் இரண்டிலும் எலும்பு கூடிவிடும். எலும்பு தானாகத்தான் கூடுகிறது, உள்ளே வைக்கும் பொருள் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும். எந்தப் பொருள் எப்போது இடைஞ்சல் செய்யும் என்று தெரிந்துகொண்டால் உருப்படியாக நாலு கேள்வி கேட்கலாம்.

முதலில் வீக்கத்தைப் பற்றி. எலும்பு உடைந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும், வெள்ளையணுக்கள் வந்து குவியும், சூடும் வலியும் இருக்கும். இந்த அழற்சியை நோய் என்று நினைத்துவிடாதீர்கள், குணமாகிற வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. மேக்ரோபேஜ் என்கிற செல்கள் முதலில் சிதைந்ததைத் தின்று சுத்தம் செய்கின்றன, அப்புறம் குணம் மாறி, புது ரத்தக் குழாய்களையும் எலும்பு கட்டும் செல்களையும் வரவழைக்கின்றன. ரெண்டு மூணு வாரத்தில் முறிவை இணைக்கிற மெத்தென்ற புதுத் திசு, அதாவது கேலஸ், உருவாகி, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் கெட்டிப்படத் தொடங்கும். அந்தச் செல்கள் குணம் மாறாமல் சண்டை மனநிலையிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். அவற்றால் தின்ன முடியாத ஒரு பொருள் தொடர்ந்து உறுத்திக்கொண்டே இருந்தால், ஒன்றோடொன்று சேர்ந்து ராட்சத செல்களாகி அதைச் சுற்றி வளைக்கும். எலும்புக்கும் பொருளுக்கும் நடுவே நார்த்திசு உறை ஒன்று உட்கார்ந்துவிடும்.

டைட்டானியத்துக்குப் பேர் வந்தது இந்த இடத்தில்தான். காற்று பட்டதுமே அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் படிந்துவிடும், உடம்பு அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயல் காலெலும்பில் ஆராய்ச்சிக்காக வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டிப்போயிருந்தது. 1965இல் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்தார். பிளேட்டும் ஸ்க்ரூவும் தங்க நிறம், நீலம், ஊதா என்று கலர் கலராக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெயின்ட் இல்லை, அந்த ஆக்சைடு படலத்தின் கனத்தைக் கூட்டிக் குறைத்து வரவழைத்த நிறம். பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் ஸ்டீல்.

ஆனால் இந்த ஒட்டுதலே சில நேரம் தலைவலி. பல்லுக்கும் சிமென்ட் இல்லாமல் பொருத்துகிற இடுப்பு மூட்டுக்கும் எலும்பு இறுகப் பிடித்தால்தான் நல்லது. பிற்பாடு கழற்ற வேண்டிய பிளேட்டில் அப்படிப் பிடித்துக்கொண்டால் ஸ்க்ரூ திரும்பாது, தலை தேயும், எலும்பைக் கொத்தித்தான் எடுக்க வேண்டிவரும். ஸ்டீலைச் சுற்றி மெல்லிய நார்த்திசு படிவதால் கழற்றுவது சுலபம். அதனால் "இதைப் பின்னாடி எடுக்கணுமா?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

அடுத்தது அலர்ஜி. எலும்புக்குப் பயன்படுத்தும் 316எல் ஸ்டீலில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கிறது. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர், பெல்ட் பக்கிள் பட்ட இடத்தில் அரிக்கிறவர் இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். தோல் அரித்தால் எலும்புக்குள்ளும் ஆகாது என்று கட்டாயம் இல்லை, பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் டைட்டானியத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க இது நியாயமான காரணம்.

மூன்றாவது, விறைப்பு, அதாவது வளைந்து கொடுக்காத தன்மை. இதை யாரும் கேட்பதே இல்லை. ஸ்டீலின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியம் அதில் பாதி, கெட்டியான எலும்பு 20க்கும் கீழே. நீளப் பிளேட்டோ ராடோ வைத்துப் பாலம் போல் நிறுத்துகிற முறிவுகளில் இம்மியளவு அசைவு இருந்தால்தான் கேலஸ் வரும். துளியும் அசைய விடாமல் பிடித்தால் அழற்சி அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்குத் தேவையான தூண்டுதல் கிடைக்காது. முழங்காலுக்கு மேலே தொடையெலும்பின் அடிமுனை உடைந்து, ரொம்ப விறைப்பான ஸ்டீல் பிளேட் போட்டவர்களுக்கு எலும்பு கூடாமல் போவது அதிகம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த முறிவு என்றால் பிளேட்டின் விறைப்பைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றுகிறவர்களுக்குக் கதையே வேறு. கிண்ணத்துக்குள் பந்து சுழல்கிற மூட்டு அது, அங்கே பயப்பட வேண்டியது தேய்மானத் துகளுக்கு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு டாக்டர் 1950களின் கடைசியில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். அது தேய்ந்து, துகள் சிதறி, சுற்றிலும் திசு கெட்டுப்போய், வைத்ததை எல்லாம் திரும்ப எடுக்கும்படி ஆனது. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை, டெஃப்லானையும் பாலிஎத்திலீன் என்கிற இன்னொரு பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். டெஃப்லான் இருந்த இடம் பல மாதம் கழித்தும் கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது, பாலிஎத்திலீன் தட்டுப்படவே இல்லை. 1962லிருந்து பாலிஎத்திலீன் கிண்ணம் வந்தது. அதுவும் தேயாமல் இல்லை. நுண்ணிய துகளை மேக்ரோபேஜ் விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் அபாயச் சமிக்ஞை அனுப்ப, எலும்பை அரிக்கும் செல்கள் விழித்துக்கொள்கின்றன, பல வருஷம் கழித்து மூட்டு தளர்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு இன்னும் மோசம், கோபால்ட் ரத்தத்தில் கலந்தது, அப்படி ஒரு வகையை 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். எனவே "பந்து எதுல, கிண்ணம் எதுல?" என்று கேளுங்கள். மூலக்கூறுகளுக்கு நடுவே குறுக்குப்பிணைப்பு கூட்டிய இப்போதைய பாலிஎத்திலீன் பழையதைவிட ரொம்பக் குறைவாகத் தேய்கிறது.

உடம்புக்குள்ளேயே கரையும் ஸ்க்ரூ என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாலிலாக்டிக் என்கிற பிளாஸ்டிக் வகை கரையும்போது அமிலம் வெளியாகும், மாதக்கணக்கில் கழித்துக் கிருமியே இல்லாமல் வீங்கலாம். மக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஆரம்ப எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பாகத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம்.

பல் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் கவனமாக இருக்கவேண்டும். முதல் நாள் இருக்கிற பிடி, மரை எலும்பில் இறுகியதால் வந்தது. அழுத்தம் பட்ட பழைய எலும்பை உடம்பு கரைத்துவிடும், புது எலும்போ இன்னும் முழுசாக வந்திருக்காது. வலி போய்விட்டதே என்று அந்தப் பக்கம் முறுக்கைக் கடித்தால் இம்ப்ளான்ட் ஆடிப்போய், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு பொருளைவிட உங்கள் கையில் இருப்பதுதான் அதிகம். சிகரெட்டை நிறுத்துங்கள், பீடியும்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் எந்த டைட்டானியமும் காப்பாற்றாது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை அழற்சியை அடக்கித்தான் வலியைக் குறைக்கிறது, எழுதிக்கொடுத்த நாட்களுக்கு மேல் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். எண்ணெய் தடவி நீவி விடுகிறேன் என்று வரும் உறவினரை அன்பாகத் தடுத்துவிடுங்கள். புண் ஆற முட்டை, பருப்பு, மீன் எல்லாம் தேவை, "சீழ் வைக்கும்" என்று ஒதுக்காதீர்கள். ஆட்டுக்கால் சூப் பிடித்தால் குடிக்கலாம், ஆனால் அதில் கால்சியம் கொஞ்சம்தான்.

முதல் வாரத்து வீக்கம் இயல்பு. வடிந்த வீக்கம் திரும்ப வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காலை ஊன்றும்போது வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ உடனே போய்க் காட்டுங்கள். கிருமி ஒருதரம் உலோகத்தின் மேல் படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரைக்கு லேசில் மசியாது. கரையாத சாதாரண ஸ்க்ரூவைச் சுற்றி எக்ஸ்ரேயில் மெல்லிய கருப்புக் கோடு தெரிகிறதா என்று கேளுங்கள், அது தளர்வதன் அடையாளமாக இருக்கலாம்.

இம்ப்ளான்ட் பாக்கெட்டில் லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும்போதும் பின்னாளில் பிளேட்டைக் கழற்றும்போதும் அதைத்தான் கேட்பார்கள், எந்தக் கம்பெனி பிளேட் என்று தெரிந்தால்தான் அதற்கான ஸ்க்ரூடிரைவரைத் தயாராக வைக்க முடியும். கழற்றிய பிறகும் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மூடச் சில மாதம் ஆகும், அதுவரை ஓட்டம், கபடி எதுவும் வேண்டாம்.