விளக்குக்கு வரும் ஆரஞ்சுக் குளவி: பேரினம் கண்டுபிடிப்பது எப்படி?

இரவில் வெளிவிளக்கை எரியவிட்டால் அந்துப்பூச்சிகளோடு சேர்ந்து ஒல்லியான, ஆரஞ்சு நிறக் குளவி ஒன்றும் வந்து சுவரில் உட்காரும். நீளமான உணர்கொம்பு, நீண்ட கால்கள், இரண்டு பக்கமும் வைத்து அமுக்கியது போன்ற வயிறு. அது ஒட்டுண்ணிக் குளவி. கம்பளிப்புழுவைத் தேடிப் பிடித்து முட்டையிடும். அதன் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளரும்.

படத்தைக் காட்டினால் பலரும் பார்த்த உடனே ‘ஓஃபியான்’ என்பார்கள். அது ஒரு பேரினத்தின், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின், பெயர். 1798இல் ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் வைத்த பழைய பெயர், அதனால் நாவில் முதலில் வருகிறது. ஆனால் படத்தில் இருப்பது நெட்டீலியா என்ற பேரினமாக இருக்கலாம், எனிகோஸ்பிலஸ் என்ற பேரினமாக இருக்கலாம், சில நேரம் வேறு குடும்பமாகவே இருக்கலாம். இரவில் பறக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளில் நெருங்கிய உறவே இல்லாத பல கூட்டங்கள் இதே நிறத்தையும் பெரிய கண்களையும் தனித்தனியாகப் பெற்றிருக்கின்றன. அதனால் நிறத்தை நம்பவே வேண்டாம். இறக்கையைப் பாருங்கள்.

படி 1: இறக்கை தெரிய வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும், நெருக்கமாகப் படமெடுக்கும் போனும் போதும். குளவியை ஒரு தெளிவான கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் அது அசையாமல் இருக்கும், பிறகு பழையபடி பறந்துவிடும். குப்பிக்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்து, தாளின் பின்புறமிருந்து வெளிச்சம் வருமாறு செய்தால் இறக்கையின் நரம்புகள் கோடு கோடாகத் தெரியும். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், முன்னிறக்கை மட்டும் நிறைய படம்.

விரலால் பிடிக்காதீர்கள். இந்தக் கூட்டத்தில் பெண் குளவியின் முட்டையிடும் குழல் குட்டையானது, கூர்மையானது. தோலில் நன்றாகவே குத்தும்.

படி 2: எந்தக் குடும்பம்?

முன்னிறக்கையின் முன்விளிம்பில் கெட்டியான ஒரு பொட்டு தெரியும். அதற்குக் கீழே இறக்கையின் நடுவில் பெரிய அறை (நரம்புகள் சூழ்ந்த கட்டம்) ஒன்று, குதிரைத் தலையின் பக்கத்தோற்றம் போல இருக்கும். இந்த அறையிலிருந்து பின்விளிம்புப் பக்கமாக ஒரு குறுக்கு நரம்பு இறங்குகிறது. சரி, இப்போது அங்கிருந்து இறக்கையின் நுனிப்பக்கம் கொஞ்சம் நகருங்கள். அதே போல இறங்கும் இரண்டாவது நரம்பு இருக்கிறதா?

இருந்தால் இக்னியுமோனிடே குடும்பம், மேலே சொன்ன மூன்று பேரினங்களும் இதில்தான். இல்லாமல் அந்த இடம் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் பிராக்கோனிடே என்ற வேறு குடும்பம். விளக்குக்கு வரும் பிராக்கோனிடேயிலும் ஆரஞ்சு நிறத்தவை உண்டு, எனவே இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். இந்த இரண்டாவது நரம்பு அடுத்த படிக்கும் வேண்டும்.

படி 3: குட்டி அறை இருக்கிறதா?

எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரண்டாவது நரம்பின் மேல்முனை எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை ஒட்டி மேலே, எல்லாப் பக்கமும் நரம்பால் மூடிய மிகச் சிறிய முக்கோண அறை ஒன்று சாய்வாக உட்கார்ந்திருந்தால் அது நெட்டீலியாவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

குட்டி அறை இல்லாமல் ஒரே ஒரு சின்னக் குறுக்கு நரம்பு மட்டும் இருந்தால், அது இரண்டாவது நரம்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். நுனிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் ஓஃபியோனினே என்ற துணைக்குடும்பம். ஓஃபியானும் எனிகோஸ்பிலஸும் இதற்குள்தான் வருகின்றன. உடல் பக்கமாக இருந்தால் இரண்டுமில்லை, வேறு ஏதோ.

சந்தேகம் தீரவில்லை என்றால் பக்கவாட்டுப் படத்தை எடுங்கள். வயிற்றின் முதல் கண்டம் காம்பு போல நீண்டிருக்கும். அதில் புள்ளி போன்ற சுவாசத் துளை பாதித் தூரத்துக்கு முன்னால் இருந்தால் நெட்டீலியா பக்கம்; பாதியைத் தாண்டிப் பின்னால் இருந்தால் ஓஃபியோனினே பக்கம். இறக்கையும் துளையும் ஒரே பதிலைச் சொன்னால் தைரியமாக எழுதலாம்.

படி 4: ஓஃபியானா, எனிகோஸ்பிலஸா?

மறுபடி அந்தக் குதிரைத்தலை அறைக்கு வாருங்கள். பொட்டுக்கு நேர் கீழே பெரிதாக்கிப் பாருங்கள். இறக்கை முழுக்க நுண்ணிய முடிகள் இருக்கும். எனிகோஸ்பிலஸில் இந்த இடத்தில் மட்டும் முடியில்லாத வழுக்கைத் திட்டு ஒன்று கண்ணாடி போலப் பளபளக்கும். அதற்குள் தேன் நிறத்தில் கெட்டியான சின்னச் சின்னத் துணுக்குகள், ஒன்றோ இரண்டோ மூன்றோ, மிதப்பது போல நிற்கும். முதல் முறை இதைப் பார்க்கும்போது இறக்கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்றே தோன்றும். மறுபக்க முன்னிறக்கையிலும் அதே இடத்தில் அதே வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அழுக்கல்ல. அந்தத் துணுக்குகளின் வடிவத்தை வைத்துத்தான் வல்லுநர்கள் இனம் வரைக்கும் போகிறார்கள்.

ஓஃபியானில் துணுக்குகள் கிடையாது. அதற்குப் பதிலாக அந்த அறையின் கீழ்ப்பக்க நரம்பிலிருந்து ஒரு குட்டி நரம்பு கிளம்பி, எதையும் சேராமல் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் தெரியும்.

ஊரும் ஓரளவு உதவும். ஓஃபியான் பெரும்பாலும் மித வெப்ப, குளிர் நாடுகளின் குளவி. 700க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட எனிகோஸ்பிலஸ் வெப்ப நாடுகளில்தான் அதிகம். ஆனால் இதை ஒரு துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பு இறக்கையுடையது.

துணுக்கே இல்லாத எனிகோஸ்பிலஸ்களும் உண்டு, துணுக்கு உள்ள வேறு சில பேரினங்களும் உண்டு. அடையாளங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் ‘ஓஃபியோனினே’ என்று துணைக்குடும்பத்தோடு நிறுத்திவிடுங்கள். ஊகித்துப் போடும் பேரினப் பெயரைவிட அது பலமடங்கு பயனுள்ள பதிவு.

நெட்டீலியா என்று முடிவானால், படத்தை வைத்து இனப்பெயர் தேட வேண்டாம். ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பெரும்பாலான இனங்களைப் பிரிக்கிறார்கள். தேதி, இடம், எந்த வகை விளக்கு, எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்து, இறக்கைப் படத்தையும் அதே பதிவில் சேர்த்து வையுங்கள். பின்னால் வேறொருவர் சரிபார்க்க வந்தால் அவர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.