சங்க்ட் ரெஸ்பான்ஸ் பாதியில் அறுந்தால் எங்கே தேடுவது

சர்வர் மொத்த நீளத்தை முன்கூட்டிச் சொல்லாமல் துண்டு துண்டாக (சங்க்) அனுப்பும் பதில்தான் சங்க்ட் ரெஸ்பான்ஸ். அதில் ‘எல்லாம் சரி’ என்று சொல்லும் ஸ்டேட்டஸ் 200 வந்துவிட்டதாலேயே முழு ரெஸ்பான்ஸும் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். அந்த 200 முதல் வரியிலேயே போய்விடும். பாடி, அதாவது உள்ளடக்கம், அதன்பிறகு நிமிடக்கணக்கில் வரலாம், நடுவில் எங்கு வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். பெரிய தமிழ் நூற்பட்டியல் ஒன்றை இழுத்துக் காட்டும் கிளையன்ட் ஆப்பைப் பராமரிக்கிறேன். ‘கடைசிப் பக்கம் காணோம்’, ‘எழுத்து உடைந்து வருகிறது’ என்று எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முடியும்.

கிளையன்ட் கோடைத் தொடும் முன் நெட்வொர்க்கில் உண்மையில் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘ட்ரான்ஸ்ஃபர்-என்கோடிங்: சங்க்ட்’ என்ற ஹெடர் இருந்தால் பாடி இந்த உருவத்தில் வரும்:

15
வணக்கம்
0

முதல் வரி அடுத்து வரும் துண்டின் நீளம். அது பைட் கணக்கு, ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) எழுதியது. ‘வணக்கம்’ யூனிகோடில் ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. ஹெக்ஸில் அது 15. இதை யாராவது பதின்ம எண்ணாகப் படித்துக் கையால் பார்சர் எழுதியிருந்தால், ‘வணக்க’ என்பதோடு துண்டு நின்றுவிடும், மீதி ஆறு பைட் அடுத்த நீளமாகப் படிக்கப்பட்டு எல்லாம் குழம்பும். ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற வரிமுடிவுக் குறிகள் இரண்டோடும் முடிய வேண்டும். கடைசியில் சைபர், அதன்பின் ஒரு வெற்று வரி. அந்த சைபர் வந்தால்தான் ரெஸ்பான்ஸ் முடிந்ததாக அர்த்தம்.

இதைப் பார்க்க கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி போதும். ‘--ரா’ ஆப்ஷன் கொடுத்தால் சங்க் நீளங்களைப் பிரிக்காமல் அப்படியே காட்டும். ‘-ஐ’ (சின்ன எழுத்து ஐ) ஹெடரையும் சேர்த்துக் காட்டும். எச்டிடிபிஎஸ் முகவரி என்றால் ‘--எச்டிடிபி1.1’ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கர்ல் எச்டிடிபி/2 பேசிவிடும். அதில் சங்க்ட் என்பதே கிடையாது, ஃப்ரேம்கள்தான். வெளியீட்டை ஃபைலில் போட்டு, கடைசி நூறு பைட்டை பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் திறந்து பாருங்கள். சைபர் இருந்தால் சர்வர் தன் வேலையை முடித்துவிட்டது, பிழை நம் பக்கம். சைபர் இல்லையென்றால் இணைப்பு வழியில் அறுந்திருக்கிறது. அறுந்த ரெஸ்பான்ஸுக்கு, ‘--ரா’ இல்லாமல் ஓட்டினால் கர்ல் 18 என்ற எர்ரர் கோடு தரும். குரோம் ‘இன்கம்ப்ளீட் சங்க்ட் என்கோடிங்’ என்று சொல்லும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி ‘சங்க்ட் என்கோடிங் எர்ரர்’ வீசும். பெயர் வேறு, சேதி ஒன்றுதான்.

அறுந்தது என்று தெரிந்தபின் ஒரே கேள்வி: ஒவ்வொரு முறையும் அதே பைட்டில் அறுகிறதா, அல்லது அதே அளவு மௌனத்துக்குப்பின் அறுகிறதா? அதே பைட் என்றால் சர்வர் பக்கத்து அப்ளிகேஷன் ஒரு குறிப்பிட்ட ரெக்கார்டைத் தொடும்போது வெடிக்கிறது. 200 ஏற்கெனவே போய்விட்டதால் அந்த அப்ளிகேஷனால் 500 (சர்வர் பிழை) அனுப்ப முடியாது, இணைப்பை மூடத்தான் முடியும். கடைசியாக வந்த ரெக்கார்டு எண்ணைச் சர்வர் டீமிடம் கொடுத்தால் அடுத்த ரெக்கார்டில் பிழையைப் பிடித்துவிடுவார்கள். மௌனத்துக்குப்பின் என்றால் நடுவில் ஏதோ ஒரு டைம்அவுட். சர்வருக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸில் ‘ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்’ வழக்கமாக 60 விநாடி. அது முழு ரெஸ்பான்ஸுக்குமான நேரம் அல்ல, அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவிலான இடைவெளி. ஆண்ட்ராய்டு, ஜாவா ஆப்களில் பயன்படும் ஓகேஎச்டிடிபி லைப்ரரியின் ரீட் டைம்அவுட்டோ வெறும் 10 விநாடி. பலர் இதை மாற்றுவதே இல்லை. சர்வர் கணக்குப் போட்டு முடிக்க நேரமாகும் என்றால் நடுநடுவே ஏதாவது ஒரு வெற்று வரியையாவது அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் மட்டும் அறுகிறது, மொபைல் டேட்டாவில் சரியாக இருக்கிறது என்றால் கோடைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்கள் ப்ராக்ஸியை, அதாவது இணையப் போக்குவரத்தை நடுவில் கடத்திவிடும் சர்வரைப் பாருங்கள்.

துண்டு துண்டாக வரவேண்டியது கடைசியில் மொத்தமாக வந்து விழுகிறதா? அது பஃபரிங். ‘எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்: நோ’ என்ற ஹெடரைச் சர்வர் அனுப்பினால் என்ஜின்எக்ஸ் தேக்கி வைக்காது.

இனி நம் பக்கத்துப் பிழை. தமிழ் ஆப்களில் நான் அடிக்கடி பார்ப்பது, சங்க் எல்லையை எழுத்தின் எல்லையாக எடுத்துக்கொள்வது. ‘க’ என்பது மூன்று பைட்: ஈ0, ஏஈ, 95. முதல் இரண்டு ஒரு துண்டிலும் மூன்றாவது அடுத்ததிலும் வரலாம். வந்த துண்டை உடனே ஸ்ட்ரிங்காக மாற்றினால் கேள்விக்குறி போட்ட கருப்பு வைரம் எட்டிப் பார்க்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடுபவர்கள் கண்ணில் இது படவே படாது. நம் வாசகர்தான் முதலில் பார்ப்பார். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரே டெக்ஸ்ட்டிகோடரை வைத்துக்கொண்டு ‘ஸ்ட்ரீம்: ட்ரூ’ கொடுங்கள், அரைகுறை எழுத்தின் பைட்டுகளை அது அடுத்த துண்டு வரும்வரை வைத்திருக்கும். பைத்தானில் இன்க்ரிமென்டல் டிகோடர். வரிக்கு ஒரு ஜேசனாக வந்தாலும் இதே விதி: கடைசியாகக் கிடைத்த அரை வரியை வைத்திருந்து அடுத்த துண்டோடு ஒட்டுங்கள், நியூலைன் வந்தபின்தான் பார்ஸ் செய்யுங்கள்.

இன்னொன்று, சங்க்ட் ரெஸ்பான்ஸில் மொத்த நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடர் இருக்காது. நீளம் கேட்டால் ஜாவா -1 என்று சொல்லும். அந்த எண்ணில் பஃபர் ஒதுக்கும் கோடு உடனே விழுந்துவிடும். சதவீதப் பட்டியும் பொருளற்றதாகிவிடும்.

பிழை எங்கே இருந்தாலும், சைபர் பார்க்காத தரவைச் சேமிக்காதீர்கள். தற்காலிக ஃபைலில் இறக்கி, ரெஸ்பான்ஸ் எர்ரர் இன்றி முடிந்தபின் மட்டும் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். பாதி நூற்பட்டியலை முழுப் பட்டியல் என்று காட்டினால், இல்லாத புத்தகத்தை யாரும் தேடிக் கேட்கப்போவதில்லை. பிழை மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். தரவைக் கேட்டு வாங்கும் கெட் அழைப்பு என்றால் சிறிது இடைவெளி விட்டுத் திரும்ப முயலலாம். தரவை அனுப்பும் போஸ்ட் என்றால் சர்வரில் வேலை ஏற்கெனவே நடந்திருக்கக்கூடும், அதை உறுதிசெய்யாமல் மறுபடி அனுப்பக் கூடாது.