மலை மைதானத்துக்கு கோல்ஃப் டீ தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

கோல்ஃப் பழக ஆரம்பிப்பவர்கள் மட்டை வாங்க மாதக்கணக்கில் யோசிப்பார்கள், பந்து வாங்க நாலு பேரிடம் விசாரிப்பார்கள். முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி வைக்கிற சின்ன முளையான டீ மட்டும் கையில் எது அகப்படுகிறதோ அது. சமவெளியில் இது பெரிய தப்பில்லை. ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் பக்கம் ஆடுகிறவர்களுக்கு அப்படி முடியாது. மழைக்காலத்தில் டீ பாக்ஸ், அதாவது முதல் அடி அடிக்கிற இடம், சேறாகக் குழைந்து கிடக்கும். பனிக்காலத்தில் மழையே இல்லாத வாரங்களில் அதே மண்ணில் டீயின் முனைகூட இறங்காது. ஜனவரியில் உடையும், ஜூலையில் தொலையும். ஒரே பாக்கெட்டை வருஷம் முழுக்க ஓட்டலாம் என்று நினைத்தால் இரண்டு காலத்திலும் திட்டிக்கொண்டே ஆட வேண்டியதுதான்.

தூரத்தை முடிவு செய்வது டீயின் உயரம்தான். மரமா, மூங்கிலா, பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் டீ எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கான கேள்வி. கடையில் இந்த இரண்டையும் குழப்பித்தான் விற்பார்கள். நாம் தனித்தனியாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் டிரைவருக்கு ஏற்ற உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

டிரைவரை, அதாவது தூரத்துக்கு அடிக்கிற பெரிய தலை மட்டையை, தரையில் சாதாரணமாக ஊன்றி வையுங்கள். பக்கத்தில் டீயைக் குத்தி அதன் மேல் பந்தை வையுங்கள். பந்தில் பாதி, டிரைவர் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். தொடங்குகிறவர்களுக்கு இதுதான் நம்பகமான அளவு.

கணக்கு இப்படி. விதிப்படி பந்தின் விட்டம் 42.67 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. அதில் பாதி சுமார் 21 மி.மீ. இப்போதைய பெரிய டிரைவர்களின் முகம் ஏறத்தாழ 6 செ.மீ. உயரம். ஆகவே பந்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 38 மி.மீ. அளவில், அதாவது ஒன்றரை அங்குலத்தில் நிற்க வேண்டும். உங்கள் டிரைவர் பழையது, தலை சிறியது என்றால் இது குறையும். எனவே என் எண்ணை அப்படியே நம்பாமல் உங்கள் மட்டையை வைத்தே பாருங்கள்.

சரியான உயரம் வந்ததும் பந்தை எடுத்துவிட்டு, டீ மண்ணைத் தொடும் இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வளையம் போடுங்கள். வீட்டில் உட்கார்ந்து பத்திருபது டீக்கு அதே இடத்தில் வளையம் போட்டு வைத்துக்கொண்டால் அப்புறம் மைதானத்தில் யோசனையே வேண்டாம். வளையம் வரை அமுக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் அடிப்பதுதான் பழகுகிறவருக்குத் தேவை. ஒரு அடி 30 மி.மீட்டரில், அடுத்தது 45-இல் என்று வைத்து அடித்தால், தப்பு உங்கள் வீச்சிலா டீயிலா என்று உங்கள் பையைத் தூக்கி வரும் கேடியால்கூடச் சொல்ல முடியாது.

உயரம் ஏன் தூரத்தைக் கூட்டுகிறது? டிரைவர் பந்தைத் தொடும்போது கொஞ்சம் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தால், பந்து உயரமாகக் கிளம்பும், பின்சுழற்சி குறையும். முகத்தின் நடுவுக்குச் சற்று மேலே பட்டாலும் அதே பலன். பந்து தாழ்வாக இருந்தால் அதை அடிக்க மட்டை கீழ்நோக்கி வர வேண்டியிருக்கிறது. சுழற்சி ஏறி, பந்து கொஞ்ச தூரத்திலேயே மேலெழும்பித் தொங்கிவிட்டு விழுந்துவிடும்.

மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடையும் குறைவு. ஆயிரம் அடி ஏறினால் தூரம் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் கூடும் என்று ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி கோயம்புத்தூரில் 200 யார்டு பறக்கிற அடி இங்கே 215-ஐ நெருங்கும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும், அது வேறு விஷயம். ஆனால் அதே மெல்லிய காற்று பந்தைத் தூக்கிப் பிடிக்கவும் செய்யாது. தாழ்வாகக் கிளம்பிய பந்து இங்கே தாழ்வாகவே போய் விழும். கீழே ஆடும்போது பரவாயில்லை என்று விட்ட தாழ்ந்த டீ இங்கே தூரத்தைத் தின்றுவிடும்.

மேகம் இறங்கினால் காற்று கனத்துப் பந்து போகாது என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் லேசானது. அன்றைக்குத் தூரம் குறைந்தால் குளிரையும், நனைந்த பந்தையும், துடைக்காத மட்டை முகத்தையும் பாருங்கள்.

படி 2: மண்ணுக்குள் எவ்வளவு போகும் என்று பார்த்து நீளத்தை வாங்குங்கள்

கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் நீளங்கள் நான்கு: 54, 70, 83, 102 மி.மீ. கடைசியாகச் சொன்ன நாலு அங்குலம்தான் விதி அனுமதிக்கும் உச்ச நீளம்.

மேலே 38 மி.மீ. வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மீதி எவ்வளவு மண்ணுக்குள் போகிறது என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது. 54 மி.மீ. டீயில் 16 மி.மீ. மட்டுமே உள்ளே இருக்கும். பந்தை வைத்ததுமே ஆடும், ஊட்டிக் காற்றுக்குச் சாய்ந்துவிடும். டிரைவருக்கு அது வேண்டவே வேண்டாம். 70-இல் 32 மி.மீ. உள்ளே போகும், இறுகிய மண்ணுக்கு அதுவே ஏராளம். 83-இல் 45 மி.மீ. உள்ளே, குழைந்த ஈர மண்ணில் சாயாமல் நிற்க இந்த ஆழம் வேண்டும். 102 மி.மீ. டீயை 64 மி.மீ. ஆழம் குத்த வேண்டும். அதனால் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீலகிரியில் ஆடுகிறவர்கள் ஜூனிலிருந்து நவம்பர் வரை 83, டிசம்பர் முதல் மே வரை 70 என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால் அங்கே மாற்றம் கொஞ்சம் தள்ளி வரும். காலண்டரைவிடக் கட்டைவிரல் நம்பகமானது: மண்ணை அமுக்கிப் பாருங்கள். விரல் பதிந்தால் நீளமான டீ.

படி 3: எதனால் செய்தது?

மரம்: பிர்ச், மேப்பிள் போன்ற மரங்களில் செய்வார்கள். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். வாங்கும்போது ஒரு டீயை வெளிச்சத்தில் பிடித்து ரேகையைக் கவனியுங்கள். பந்து உட்காரும் கிண்ணத்திலிருந்து முனை வரை ரேகை நேராக ஓடினால் நல்ல டீ. கழுத்துப் பகுதியில் குறுக்காகச் சாய்ந்து வெட்டினால், முதல் அடியிலேயே அந்த ரேகை வழியாகத்தான் பிளந்துகொள்ளும். கெட்டியான பெயிண்டுக்கு அடியில் ரேகை தெரியாது. அதனால் முடிந்தவரை பெயிண்ட் அடிக்காத ரகத்தைப் பார்த்து வாங்கி, நிறம் வேண்டுமென்றால் தலையில் மட்டும் நீங்களே பூசிக்கொள்ளுங்கள்.

மூங்கில்: நார்கள் நீளவாக்கில் போவதால் அடி வாங்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மரத்தைவிட அதிக அடி தாங்கும். இறுகிய மண்ணில் டீ அசைய இடமில்லாமல் மாட்டிக்கொண்டு அடியை முழுசாக வாங்குகிறதே, அந்தப் பனிக்கால மாதங்களுக்கு என் ஓட்டு மூங்கிலுக்குத்தான். மலிவு ரகத்தில் கிண்ணத்தின் விளிம்பு சிலும்பியிருக்கும்; விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பிளாஸ்டிக்: எளிதில் உடையாது, உண்மைதான். ஆனால் மட்டை முகத்தில் வண்ணக் கோடு விழும். மலிவான பிளாஸ்டிக் குளிரில் விறைத்து, எதிர்பாராமல் முறியவும் செய்யும். தொலைந்துபோனால் மண்ணிலேயே கிடக்கும். தமிழகம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். நீலகிரியில் அதற்கும் முன்பே கட்டுப்பாடு இருந்தது. டீ அந்தப் பட்டியலில் இல்லை என்பது சரி. காட்டெருமை வந்து மேய்கிற புல்லில் அதை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது.

தலையில் தூரிகை மாதிரி முடி வைத்தது, மூன்று கால் முளைத்தது என்று "தூரம் கூட்டும்" டீக்களும் உண்டு. உராய்வு குறையும் என்பது விளம்பரம். பந்து மட்டை முகத்தில் ஒட்டியிருக்கும் நேரமே ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சுமார் 200 கிராம் எடையுள்ள டிரைவர் தலை அந்த வேகத்தில் வரும்போது, சில கிராம் மரத்துண்டு அதைத் தடுத்து நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பணத்துக்குப் பந்து வாங்கலாம்.

படி 4: குத்தும் விதம்

பந்தை உள்ளங்கையில் வைத்து, டீயின் தலை பந்தில் படும்படி ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் டீயைப் பிடியுங்கள். பந்தோடு சேர்த்தே அமுக்குங்கள். டீயை மட்டும் தனியாக அழுத்தினால் விரல் வலிக்கும், கிண்ணமும் விரியும்.

டீ மண்ணில் இறங்காவிட்டால் பந்தால் தட்டாதீர்கள், மட்டையால் சுத்தியல் போல அடிக்கவே அடிக்காதீர்கள். பையில் ஒரு பழைய ஸ்குரூ டிரைவர் இருக்கட்டும். அதால் சின்னத் துளை போட்டுவிட்டு டீயை இறக்குங்கள். டீ பல நேரம் அடிக்கும்போது உடைவதில்லை, குத்தும்போதே விரிசல் விட்டிருக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. டீ பாக்ஸின் இரு பக்கமும் இருக்கும் மார்க்கர்களுக்கு நேராகத்தான் வைக்க வேண்டும் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டுக்கும் இடையில், பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பந்து அந்த எல்லைக்குள் இருந்தால் போதும், உங்கள் கால் வெளியே நிற்கலாம். முன்னால் இருக்கும் மிதிபட்டுக் கெட்டியான மண்ணை விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய்ச் சமமான, புல் உள்ள இடமாகப் பாருங்கள். ஒரு கஜம் பின்னால் போனதால் தூரம் ஒன்றும் குறைந்துவிடாது.

காற்றுக்குப் பந்து விழுந்துவிட்டால் பதற வேண்டாம். அடிப்பதற்கு முன் அது தானாக விழுந்தாலும் நீங்கள் தட்டிவிட்டாலும் தண்டனை இல்லை, எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடிக்க வீசித் தவறவிட்டீர்கள் என்றால் மட்டும் அந்த வீச்சு கணக்கில் சேரும்.

படி 5: பவுடர் போட்டுச் சோதியுங்கள்

டிரைவர் முகத்தில் துளி முகப் பவுடரைத் தூவித் துணியால் மெல்லப் பரப்புங்கள். ஒரு பந்து அடித்தால் பட்ட இடம் வட்டமாகத் தெரியும். வளையம் போட்ட உயரத்தில் சில பந்துகள், அதைவிட 6 மி.மீ. தாழ்த்திச் சில, உயர்த்திச் சில அடித்துப் பாருங்கள். வட்டம் நடுவிலோ சற்று மேலேயோ அடிக்கடி விழும் உயரம் உங்களுடையது. தூறல் நாளில் இதைச் செய்யாதீர்கள், பவுடர் கூழாகிவிடும்.

நிறமுள்ள டீ இன்னொன்றும் சொல்லும். அடித்தபின் டிரைவரின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். டீயின் சாயம் கோடாக ஒட்டியிருக்கும். நடுவில் இருந்தால் நல்லது. நுனிப்பக்கம் ஒதுங்கியிருந்தால் பந்தும் நுனியில்தான் பட்டிருக்கிறது. அப்போது டீயை மாற்றிப் பலனில்லை, நிற்கும் தூரத்தைப் பாருங்கள். தலையின் மேற்புறத்தில் கீறல் விழுந்து பந்து நேரே வானத்துக்குப் போகிறதா? எல்லோரும் உடனே டீயைத் தாழ்த்துவார்கள். முதலில் பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கிறதா என்று சரிபாருங்கள் (இடக்கைக்காரர்களுக்கு வலது).

படி 6: மற்ற மட்டைகளுக்கு

டிரைவருக்கு அடுத்த மட்டையான 3 வுட்டுக்குத் தரைக்கு மேல் 10 முதல் 12 மி.மீ. வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட்டுக்கு அதில் பாதி. மூன்று அடியில் முடிக்க வேண்டிய பார் 3 குழிகளில், தட்டைத் தலை இரும்பு மட்டையான அயர்னால் அடிக்கும்போது டீயின் தலை மட்டும் புல்லோடு ஒட்டித் தெரிந்தால் போதும். இதற்கென்று புது டீ வாங்காதீர்கள். டிரைவர் அடியில் உடைந்த டீயின் தலைப்பக்கத் துண்டு அழகாக உதவும்.

டீயே இல்லாமலும் ஆடலாம். மண்ணையோ மணலையோ குவித்து அதன் மேல் பந்து வைக்க விதி இன்றும் இடம் கொடுக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895-இல். பாஸ்டனில் ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் மர டீக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1899 டிசம்பரில். அந்த மலையில் முதலில் ஆடியவர்கள் கையளவு மண்ணைக் குவித்துத்தான் அடித்திருப்பார்கள். மர டீ பரவலாக விற்க ஆரம்பித்தது 1920-களில், வில்லியம் லோவல் என்பவரால். அவரும் பல் மருத்துவர்தான்!

படி 7: நிறமும் பராமரிப்பும்

ஈர மண்ணில் டீ உடையாது, பிடுங்கிக்கொண்டு பறக்கும். மழைக்கால டீயின் ஆயுள் நீங்கள் அதைக் கண்டுபிடிப்பதைப் பொறுத்தது. பச்சை வேண்டாம். காய்ந்த புல்லில் மரநிறம் மறைந்துவிடும், உறைபனி விழுந்த காலையில் வெள்ளை தெரியாது. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் எல்லா மாதத்திலும் கண்ணில் படும்.

ஈரம் ஏறிய மரத்துக்குப் பலம் குறைவு. ஆட்டம் முடிந்ததும் பையின் பாக்கெட்டிலேயே விட்டுவிட்டால் மலைக் குளிரில் அடுத்த வாரமும் ஈரமாகவே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்; அடுப்புப் பக்கம் வைத்தால் வெடிக்கும். கிண்ணத்தில் விரிசல் விட்டதை அயர்னுக்கு ஒதுக்குங்கள்.

முறிந்த துண்டுகளைப் புல்லில் விடாதீர்கள். வெட்டும் இயந்திரத்தின் பிளேடில் சிக்கினால் பிளேடு மழுங்கும், துண்டும் தெறிக்கும். டீ பாக்ஸ் ஓரத்தில் உடைந்த டீக்கென்று பெட்டி வைத்திருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் பாக்கெட்டில் போட்டு எடுத்து வாருங்கள்.