கார் ஷெட்டில் துடைப்பம் போகாத இடம் இருக்கக்கூடாது

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரம் மழை விடாமல் பெய்தது. மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் ஷெட்டுக்குள்ளேயே அவரைக் காரில் ஏற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. சுவரோரம் பழைய டயர்கள், பெயிண்ட் டப்பாக்கள், செயின் அறுந்த சைக்கிள், பிரிக்காத அட்டைப்பெட்டிகள். கார் கதவு ஒரு சாண்தான் திறந்தது. கடைசியில் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினேன். வாக்கரைப் பிடித்தபடி அம்மா மழையில் நடந்து வந்துதான் ஏறினார். அன்றிரவே அக்காவுக்குப் போன் செய்தேன்.

இரண்டு பேருமாகச் செய்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. கை வேலை என்று பார்த்தால் ஐந்தாறு வார இறுதிகள்தான். மிச்ச நாளெல்லாம் தரை காய்வதற்குக் காத்திருந்தது. முதல் நாளே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: வண்டியைத் தவிர எதுவும் தரையில் உட்காரக்கூடாது. சுவரில் தொங்கலாம், கால் வைத்த ரேக்கில் ஏறலாம். ஆனால் அடியில் துடைப்பம் போய் வர வேண்டும். ஷெட்டில் ஓதம், கரையான், எண்ணெய், பெட்ரோல் ஆவி என்று தொல்லை தருவதெல்லாம் தரைமட்டத்தில்தான் வருகிறது. தரையை நம் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

பலரும் முதலில் சாமான்களை வெளியே இழுக்கிறார்கள். அதற்கு முன்னால் இஞ்சி டேப்பை எடுங்கள். வண்டியை உள்ளே நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் முழுதாகத் திறந்து, கதவின் நுனி வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இடம் போதாவிட்டால் வெளியே நிறுத்தி அளந்துகொண்டு வந்து உள்ளே வரையலாம். எங்கள் ஷெட் உட்புறம் 3.2 மீட்டர் அகலம், 5.8 மீட்டர் நீளம். கார் 1.7 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம். அகலத்தில் மிஞ்சுவது ஒன்றரை மீட்டர். அம்மா ஏறும் இடப்பக்கத்துக்கு 90 செ.மீ., ஓட்டுபவர் இறங்க 60 செ.மீ. என்று பிரித்தேன். வாக்கரின் அகலம் 60 செ.மீ. அதனால் இடச்சுவரில் ஓர் ஆணிகூட வேண்டாம் என்று முடிவாயிற்று. நீளவாக்கில் மிஞ்சிய 1.8 மீட்டரில் 45 செ.மீ. ஆழத்துக்கு ரேக் வைத்தால், அதன் முன்னால் ஆள் நின்று குனிந்து எடுக்கத் தாராளமாக இடம் இருக்கும்.

ஆக, சாமான்களுக்குக் கிடைத்தது பின்சுவர் முழுதும், வலச்சுவரில் ஒல்லியான பொருள்கள் தொங்கும் அளவுக்கு ஒரு பட்டையும்தான். இதை முதலிலேயே தெரிந்துகொண்டதுதான் பெரிய உதவி. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற வாக்குவாதத்தை அந்த அளவு தீர்த்து வைத்தது. இடம் இவ்வளவுதான் என்று தெரிந்தபின் மனது தானாகவே தேர்ந்தெடுக்கிறது.

அப்புறம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பாதியை மட்டும் எடுப்பது வேண்டாம். ஒரு மூலையை விட்டுவைத்தால் அந்த மூலையிலிருந்து மறுபடி வளரும். மழை இல்லாத இரண்டு நாளாகப் பார்த்து, வெளியே தார்ப்பாய் விரித்துப் பரப்பினோம். ஒவ்வொரு பொருளுக்கும் அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்: "இதைக் கடைசியா எப்போடா எடுத்தே?" வாரம் ஒருமுறை எடுப்பது ஒரு குவியல், வருடத்துக்கு ஓரிருமுறை எடுப்பது இன்னொன்று, பதில் சொல்லத் தெரியாதது மூன்றாவது. சுத்தியல் மட்டும் நான்கு கிடைத்தன. தேடிக் கிடைக்காமல் மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறோம். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்றாவது குவியலில் இருந்து ஒன்றே ஒன்றைத் திருப்பி எடுத்தார்: தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால்கள். பிறகு அதுதான் எங்கள் வேலை மேசையானது.

ரசாயனங்களை மற்ற சாமான்களோடு கலக்காமல் தனியே பிரியுங்கள். பிளீச்சிங் திரவமும் ஆசிட் வகைக் கழிப்பறைத் திரவமும் அடுத்தடுத்து நிற்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். லேபிள் போன பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்க வேண்டாம். பழைய என்ஜின் ஆயிலையும் பெயிண்டையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆயிலைச் சேகரிக்கும் பட்டறைகளும், பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. மிச்சப் பெயிண்ட் நன்றாக இருந்தால் பெரிய வாளியிலிருந்து அதற்கேற்ற சின்ன டப்பாவுக்கு மாற்றி, எந்த அறைக்கு அடித்தது, எந்த மாதம் என்று எழுதி வையுங்கள். டப்பாவில் காற்று குறைந்தால் ஆடை படிவதும் குறையும்.

இனி தரை. நான் அதிக நாள் செலவிட்டதும் செலவிட வேண்டியதும் இங்கேதான். பின்மூலையில் சுவரடியில் வெள்ளையாக மாவு போல உப்புப் பூத்திருந்தது. மண்ணில் இருக்கும் ஈரம் கான்கிரீட்டுக்குள் ஏறும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்ததும் நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

ஈரம் எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. 45 செ.மீ. சதுரத்துக்குத் தடித்த பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். 16 மணி நேரமாவது விட வேண்டும். நான் ஒரு முழு நாள் விட்டேன். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. மூன்று இடத்தில் ஒட்டிப் பார்த்ததில் பின்மூலை மட்டும் நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அந்த மூலையின் அடியிலேயே கொட்டுகிறது. அதோடு செடிக்காகக் குவித்த மண் உள்தரையைவிட உயரமாக ஏறியிருந்தது. மண்ணை வெட்டித் தாழ்த்தினோம். குழாயை நீட்டிச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொட்டும்படி செய்தோம். மூன்று வாரம் கழித்து மறுபடி தாள் ஒட்டினேன், காய்ந்திருந்தது. வெளியே இருக்கும் காரணத்தைச் சரிசெய்யாமல் உள்ளே எந்தப் பூச்சு அடித்தாலும் செதில் செதிலாக உரிந்துவிடும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

எண்ணெய்க் கறைக்கு முதலில் மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி ஊற விட்டுக் கூட்டி எடுங்கள். பிறகு சோப்புத்தூளைப் பசையாகக் குழைத்துத் தடவி, விறைப்பான பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகும்.

சாதாரணத் தரைப் பெயிண்ட், ஓடி வந்த டயரின் சூட்டில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். அதனால் இரண்டு டப்பாவாக வந்து, கலந்ததும் இறுகும் எபாக்ஸிப் பூச்சை எடுத்தேன். அடிக்கும் முன் தரையில் சில துளி தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, அல்லது தரை ரொம்ப வழவழப்பு. அதன்மேல் எபாக்ஸி பிடிக்காது. ஆசிட் ஊற்றிச் சொரசொரப்பாக்குவதும் ஒரு வழி. மூடிய இடத்தில் அந்தப் புகை வேண்டாம் என்று நான் தரை தேய்க்கும் கிரைண்டரை வாடகைக்கு எடுத்து, முகமூடி போட்டுத் தேய்த்தேன். இரண்டு பாகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறி அடிப்பதற்குள் இறுகிவிடும். ஈரம் இருக்கும்போதே அம்மா நடக்கும் பக்கம் மெல்லிய மணலைத் தூவினேன். எபாக்ஸி தரை நனைந்தால் வழுக்கும், வாக்கரின் ரப்பர் கால் அதில் நிற்காது. வண்டியை ஒரு வாரம் உள்ளே விடவில்லை. தரை வாசலை நோக்கிச் சற்றே சரிந்திருந்தால் மட்டம் செய்கிறேன் என்று அதைக் கெடுத்துவிடாதீர்கள். தண்ணீர் வெளியேறத்தான் அந்தச் சரிவு.

சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடித்தோம். விளக்கைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு: பொருள் தேடி எடுக்கும் இடத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு) போதும். எங்கள் 18.5 சதுர மீட்டருக்கு 5,550 லூமென். 2,000 லூமென் எல்இடி குழல்விளக்கு மூன்று போட்டோம். கூரையின் நடுவில் போட்டால் வெளிச்சம் காரின் மேல்தகட்டில்தான் விழும், இறங்கும் இடம் இருட்டாகவே இருக்கும். அதனால் இரு பக்க இடைவெளிக்கு நேர் மேலே ஒவ்வொன்று, ரேக்கின் முன்னால் ஒன்று.

ரேக் விஷயத்தில் கண்ணுக்குத் தெரியாத எதிரி எடைதான். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றே 25 கிலோவைத் தாண்டும். பலகையைத் தாங்கும் இடைவெளி இரு மடங்கானால் அதே எடைக்கு அது எட்டு மடங்கு வளையும். அதனால் தடித்த பலகையைத் தேடுவதைவிடத் தாங்குகால்களை நெருக்கி வைப்பதுதான் பலன் தரும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 60 செ.மீ.க்கு ஒரு தாங்கல் கொடுத்தேன். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கிறது. கனமானவை இடுப்புக்குக் கீழே, அடிக்கடி எடுப்பவை கைக்கும் கண்ணுக்கும் நடுவே, வருடத்துக்கு ஒருமுறை எடுப்பவை உச்சியில். ரேக் தானாக நிற்கிறதே என்று விடாமல், மேல்முனையைச் சுவரோடு போல்ட் போட்டுக் கட்டுங்கள். குழந்தை ஏறினாலும் சாயக்கூடாது.

சுவரில் துளை போடுமுன் அது எதனால் கட்டியது என்று பாருங்கள். செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் 8 மி.மீ. பிளக்குக்கு (திருகைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் குழல்) 8 மி.மீ. பிட்டால் துளைத்து, தூளை ஊதி எடுத்து அடித்தால் கச்சிதமாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக்கில் உள்ளே வெற்றிடம். அங்கே சாதாரண பிளக் உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே போய் விரியும் வகை வேண்டும்.

அட்டைப்பெட்டி ஒன்றையும் திரும்ப உள்ளே விடவில்லை. கரையானுக்கும் கரப்பானுக்கும் அதைவிட நல்ல வீடு கிடையாது. மூடி போட்ட, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாற்றினோம். பெயரை மூடியில் எழுதாமல் முன்பக்கம் எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மூடி தெரியாது. வலச்சுவரில் பலகை அடித்து, ஸ்பானர், சுத்தியல், ரம்பம் ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, அதன் உருவத்தைப் பேனாவால் சுற்றி வரைந்தாள் அக்கா. எடுத்ததை வைக்காவிட்டால் அந்த வெற்று உருவம் காட்டிக்கொடுத்துவிடும். ஏணியையும் அதே சுவரில் படுக்கவைத்துத் தொங்கவிட்டோம். அம்மா நடக்கும் பாதைக்கு மேலே பரண்கூட வைக்கவில்லை.

பெட்ரோலைப் பற்றி இதைக் கட்டாயம் படியுங்கள். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொறியைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். சார்ஜர், கம்ப்ரசர், ஸ்விட்ச் என்று பொறி வரக்கூடிய எதுவும் 45 செ.மீ.க்கு மேலே இருக்கட்டும். நான் நெஞ்சு உயரத்தில் வைத்திருக்கிறேன். காற்றோட்டத்துக்கு உயரத்தில் மட்டுமின்றித் தரையை ஒட்டியும் துளைகள் உள்ள ஒரு ஜாலி வேண்டும். முடிந்தவரை பெட்ரோலைக் கேனில் சேமிக்கவே வேண்டாம், சில மாதங்களில் அது கெட்டும் போகும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள். கதவு திறந்திருந்தாலும் உள்ளே என்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தீயணைப்பான் ஷெட்டின் மூலையில் இல்லாமல், நீங்கள் வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஷட்டரின் ஸ்பிரிங்கை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். முறுக்கி அடைத்த அந்த விசை கையை முறித்துவிடும், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

தையல் மெஷின் கால்கள் நின்று வேலை செய்யத் தாழ்வாக இருந்தன. அடியில் 10 செ.மீ. மரக்கட்டை கொடுத்து போல்ட் போட்டோம். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரமே மேசைக்குச் சரியான உயரம். அதே உயரத்தில் இடப்பக்கத் தூணில் ஓர் இரும்புக் கைப்பிடியும் பொருத்தினேன். இடச்சுவரில் நான் அனுமதித்த ஒரே பொருள் அது. பிளக்கை நம்பாமல் கான்கிரீட்டில் இரும்பு விரிபோல்ட் போட்டு, என் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் அம்மாவைப் பிடிக்கச் சொன்னேன்.

வண்டி தினமும் ஒரே இடத்தில் நின்றால்தான் இந்த அளவெல்லாம் செல்லும். சரியான இடத்தில் நிறுத்தி, கூரையிலிருந்து நூலில் ஒரு ரப்பர் பந்தை முன்கண்ணாடியைத் தொடும்படி கட்டித் தொங்கவிடுங்கள். திரும்பி வரும்போது அது கண்ணாடியைத் தொட்டதும் நிறுத்தினால் போதும். இப்போது நான் பிரேக் போடுவதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்துவிடுகிறது: "பந்து தொட்டாச்சுடா, நிறுத்து."